இணையத்தில் தொடராக வரும் தன்பாலீர்ப்புக் கதைகள்: பரிந்துரைப்பவர்களும் கேட்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்தக் கதைகளைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகள். அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் வெளிவந்து, பெரும்பாலும் இலவசமாகவே படிக்கக் கிடைப்பவை. சில பத்து அத்தியாயத்தில் முடிந்துவிடும். சில வருடக்கணக்கில் ஓடி ஐந்தாறு நாவல் அளவுக்கு வளரும். எழுதுகிறவர்களில் மிகப் பலர் புனைபெயரில் எழுதுபவர்கள். வேலைக்குப் போய்வந்த நேரம் போக மிச்சத்தில் எழுதுபவர்கள். பதிப்பாளர் இல்லை, மெய்ப்புப் பார்ப்பவர் அநேகமாக இல்லை, பத்திரிகைகளில் மதிப்புரையும் வராது. நல்ல தொடர் ஒன்று புது வாசகரிடம் போய்ச் சேர வேண்டுமென்றால், படித்தவர் யாராவது ‘இதைப் படிங்க’ என்று சொல்லியாக வேண்டும். அந்தச் சொல்லுக்கு இங்கே அவ்வளவு மதிப்பு இருக்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் சிரத்தையோடு சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்திலிருந்து வந்தவை.

நாவல்களே நிறைய வரும்போது இணையத் தொடரை ஏன் தேடிப் படிக்க வேண்டும்?

முதல் காரணம், இடம். அச்சு நாவலில் இருவர் சந்தித்து, மனம் கசந்து, மறுபடி சேர்வதற்கு முந்நூறு பக்கம் கிடைக்கும். தொடருக்கு அந்த நெருக்கடி கிடையாது. ஒரே வீட்டில் தங்கியிருக்கும் இருவர் மனதில் இருப்பதைச் சொல்லாமலே பதினைந்து அத்தியாயம் ஓட்டலாம். ஒருவர் குளித்துவிட்டு வரும்போது இன்னொருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதும், ‘சாப்பிட்டியா’ என்ற ஒரே கேள்வி அத்தியாயத்துக்கு அத்தியாயம் வேறு குரலில் கேட்கப்படுவதும்தான் அங்கே கதை. வாசகர்கள் இதை ‘ஸ்லோ பர்ன்’ என்கிறார்கள். நன்றாக எழுதப்பட்டால் இதற்கு ஈடான வாசிப்பு இன்பம் குறைவு.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமானது. பெரும்பாலான காதல் நாவல்கள் இருவரும் சேர்ந்தவுடன் முடிந்துவிடுகின்றன. தொடர்களோ வாசகர் கேட்கக் கேட்க நீள்கின்றன. சேர்ந்த பிறகு என்ன ஆயிற்று? வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர்? ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ‘நீங்க இவருக்கு என்ன உறவு’ என்று கேட்டால் மற்றவர் என்ன பதில் சொல்வார்? ஐம்பது வயதில் இந்த இருவரும் எப்படி இருப்பார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் எழுதிய தொடர்கள் இருக்கின்றன. தன்னைப் போன்றவர்கள் வயதாகி வாழ்வதை எங்குமே பார்க்காத ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது, எழுதும்போதே வாசகர் கூட வருகிறார். 1998-ல் சீன மொழியில் ‘பெய்ஜிங் கதை’ என்ற தொடர் இணையத்தில் வந்தது. பணக்கார வியாபாரி ஒருவருக்கும் படிக்க வந்த இளைஞனுக்கும் இடையிலான காதல். 2001-ல் ஸ்டான்லி க்வான் அதை ‘லான் யூ’ என்று படமாக்கினார். 2016-ல் ஆங்கில மொழிபெயர்ப்பு புத்தகமாக வந்தது. எழுதியவர் புனைபெயருக்குள்ளேயே இருந்துவிட்டார். எந்தப் பதிப்பகமும் தொடாத ஒரு கதையை வாசகர்கள் கைமாற்றிக் கைமாற்றியே அவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள்.

எங்கே தேடுவது?

இடத்துக்கு இடம் குணம் மாறும். அது தெரிந்தால் தேடுவது சுலபம்.

நிஃப்டி என்ற கதைத் தளம் 1992-லிருந்து இருக்கிறது. இந்த வகைக் கதைகளுக்கு இருக்கும் பழைய களஞ்சியங்களில் முக்கியமானது. தோற்றம் மிக எளிமை. கதைகள் வெறும் எழுத்தாக இருக்கும், ஒவ்வொரு தொடருக்கும் தனி அடுக்கு, அதற்குள் எண்ணிட்ட அத்தியாயங்கள். வகை பிரித்திருப்பார்கள்: கல்லூரி, ராணுவம், வரலாறு, அறிவியல் புனைவு என்று. பட்டியலில் இருக்கும் தேதியைப் பார்த்தால் தொடர் இன்னும் ஓடுகிறதா, எப்போதோ நின்றுவிட்டதா என்று ஊகிக்கலாம். அங்கே தரம் பார்த்துச் சேர்ப்பவர் யாரும் இல்லை. அருமையான தொடரும் படிக்கச் சகிக்காத ஒன்றும் அடுத்தடுத்து இருக்கும். பரிந்துரை இல்லாமல் அங்கே நுழைந்தால் களைத்துப் போவீர்கள்.

ஏஓ3 என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன், 2009 நவம்பரில் பொதுவுக்குத் திறந்தது. லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று நடத்துகிறது, விளம்பரம் கிடையாது. ஏற்கெனவே உள்ள கதை, படங்களின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் ரசிகர் புனைவுதான் அங்கே பெரும்பகுதி என்றாலும் சொந்தக் கதைகளுக்கும் இடம் உண்டு. ‘ஒரிஜினல் வொர்க்’ என்ற டேக்கில் தேட வேண்டும். வடிகட்டும் வசதியில் இதை மிஞ்ச ஆளில்லை. முடிந்த தொடர் மட்டும், இத்தனை சொல்லுக்கு மேல், இந்த டேக் வேண்டாம் என்றெல்லாம் கேட்கலாம். 2019-ல் இந்தத் தளத்துக்கே, அறிவியல் புனைவு உலகில் பெயர்பெற்ற ஹியூகோ விருது கிடைத்தது.

கே ஆத்தர்ஸ் என்ற தளத்தில் நீண்ட தொடர்களும், அத்தியாயத்துக்கு அத்தியாயம் பேசும் வாசகர்களும் உண்டு. 2006-ல் தொடங்கிய வாட்பேடில் இளைய வாசகர் கூட்டம் அதிகம். கைபேசியில் படிக்க வசதி. சீனத் தொடர்களுக்கு 2003-ல் தொடங்கிய ஜின்ஜியாங், தாய்லாந்துத் தொடர்களுக்கு டெக்-டி. பிந்தையதில் தொடராக வந்த கதைகள் பல பிறகு தொலைக்காட்சித் தொடராகியிருக்கின்றன.

எந்தத் தளமானாலும், பிடித்த எழுத்தாளர் ஒருவர் கிடைத்தால் அவர் எதையெல்லாம் புக்மார்க் செய்திருக்கிறார் என்று பாருங்கள். ஏஓ3-ல் புக்மார்க் போடும்போதே ‘பரிந்துரை’ என்று குறிக்க வழி இருக்கிறது. எழுதுகிறவர்கள் எதை விரும்பிப் படிக்கிறார்கள் என்பதைவிட நல்ல பட்டியல் எனக்குக் கிடைத்ததில்லை.

நல்ல பரிந்துரை எப்படி இருக்கும்?

‘செமயா இருக்கும், கண்டிப்பா படிங்க, அழுதுடுவீங்க’ என்பதை வைத்து ஒருவர் எந்த முடிவுக்கும் வர முடியாது. கீழே இருப்பது மாதிரிக்காக நானே கற்பனை செய்த ஒரு தொடருக்கான பரிந்துரை:

‘மலைமேல் இருக்கும் வானிலை நிலையத்தில் பனிக்காலம் முழுக்க இருவர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவருக்கு நாற்பத்தெட்டு வயது, மனைவியை இழந்தவர். இன்னொருவருக்கு முப்பத்திரண்டு, யாரிடமும் சொல்லாமல் ஓடி வந்தவர். 41 அத்தியாயம், முடிந்த தொடர். முதல் நான்கு அத்தியாயம் கருவிகளைப் பற்றியே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்; ஐந்தாவதில் ரேடியோ கெட்டுப்போகிறது, அங்கிருந்து கீழே வைக்க முடியாது. முதல் முத்தம் 22-ல்தான். காமக் காட்சி இரண்டு; தாண்டிப் போனாலும் கதை புரியும். 30-ல் தற்கொலை முயற்சி ஒன்று விரிவாக நினைவுகூரப்படுகிறது. கடைசியில் இருவரும் சேர்ந்திருக்கிறார்கள். எழுத்துப்பிழை அங்கங்கே உண்டு, உரையாடல் அபாரம்.’

இதில் புகழ்ச்சி என்று பார்த்தால் ஓரிரு சொல்தான். ஆனால் படிக்கிறவருக்கு இது தனக்கானதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். கதாபாத்திரங்களின் வயது, தொடரின் நீளம், முடிந்ததா, எந்த அத்தியாயத்தில் பிடிக்கும், எங்கே வலிக்கும், எப்படி முடியும், குறை என்ன. இத்தனையும் வந்திருக்கிறது. இதில் பலரும் விட்டுவிடுவது ‘எந்த அத்தியாயத்தில் பிடிக்கும்’ என்பதைத்தான். எழுதப் பழகிக்கொண்டே தொடரை ஆரம்பித்தவர்கள் ஏராளம். அவர்களுடைய முதல் அத்தியாயம் தடுமாறும், பத்தாவது அத்தியாயத்துக்குள் கை தேர்ந்திருக்கும். அந்தத் தடுமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாசகர் பாதியில் போக மாட்டார்.

குறையைச் சொல்லத் தயங்காதீர்கள். குறையே சொல்லாத பரிந்துரையை நான் பாதிதான் நம்புவேன்.

முடிவைச் சொல்லிவிட்டால் சுவை போய்விடாதா?

துப்பறியும் கதையில் கொலைகாரன் யார் என்று சொன்னால் போய்விடும். இங்கே நிலைமை வேறு.

தன்பாலீர்ப்புப் பாத்திரங்கள் கதையின் கடைசியில் சாக வேண்டும், அல்லது பிரிய வேண்டும், அல்லது திருந்திக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது நெடுங்காலம் எழுதப்படாத சட்டமாக இருந்தது. இ. எம். ஃபார்ஸ்டர் 1913-14-ல் ‘மாரிஸ்’ நாவலை எழுதியபோது இரண்டு ஆண்களும் சேர்ந்து வாழ்வதாக முடித்தார். சந்தோஷமான முடிவு இருந்தே தீர வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அந்த முடிவாலேயே நாவலை வெளியிடுவது கடினமாயிற்று என்றும் பின்னாளில் எழுதினார். அவர் இறந்த பிறகு, 1971-ல்தான் அது அச்சேறியது. துயரமாக முடித்திருந்தால் வழி கிடைத்திருக்கலாம்.

இந்தப் பின்னணியோடு வரும் வாசகர் ‘கடைசியில் சேர்ந்தாங்களா?’ என்று கேட்கும்போது அவருக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். அறுபது அத்தியாயம் கூடவே நடந்துவிட்டுக் கடைசியில் ஒரு விபத்தில் ஒருவரைப் பறிகொடுக்க அவர் தயாராக இல்லாமல் இருக்கலாம். அது அவருடைய உரிமை. ‘சேர்கிறார்கள்’, ‘பிரிகிறார்கள், ஆனால் நம்பிக்கையோடு முடிகிறது’, ‘ஒருவர் இறந்துவிடுகிறார்’ என்ற அளவில் சொன்னால் போதும். எப்படி, எதனால் என்பதை விட்டுவிடுங்கள்; சுவை அங்கேதான் இருக்கிறது. முடிவு தெரியக் கூடாது என்று நினைப்பவருக்காக அந்த ஒரு வரியைக் கடைசியில், தனியாக, ‘முடிவு பற்றி’ என்று குறித்து எழுதுங்கள்.

சோகமான தொடர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. எனக்கு மிகப் பிடித்தவற்றில் சில அப்படித்தான் முடிகின்றன. அதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனதால் எனக்கு எதுவும் குறையவில்லை.

பாதியில் நின்றுபோன தொடரைப் பரிந்துரைக்கலாமா?

பரிந்துரைக்கலாம், நின்றுவிட்டது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு. கடைசி அத்தியாயம் எப்போது வந்தது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் வேண்டும். ஒரு பெரிய நிகழ்ச்சி முடிந்து மூச்சுவிடும் இடத்தில் நின்ற தொடரைத் தனி நாவல் போலவே படித்துவிடலாம். கதவு தட்டப்படுகிறது, யாரென்று தெரியவில்லை, தொடரும் என்று நின்றதைப் படித்தால் பல நாளைக்கு மனசு அங்கேயே கிடக்கும்.

ஏஓ3-ல் அத்தியாய எண்ணிக்கையைப் பாருங்கள். 12/30 என்றால் எழுத்தாளரிடம் திட்டம் இருக்கிறது. 12/? என்றால் அவருக்கே இன்னும் தெரியாது. திட்டம் இருப்பதால் முடித்துவிடுவார் என்று உத்தரவாதம் இல்லைதான்.

ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு வேறு ஓர் அழகு உண்டு. வாராவாரம் காத்திருப்பது, அடுத்து என்ன என்று மற்றவர்களோடு ஊகிப்பது, எழுத்தாளர் ஒரு சின்னக் குறிப்பை எங்கோ விட்டுவைத்திருப்பதைக் கண்டுபிடிப்பது. முடிந்த பிறகு ஒரே மூச்சில் படிப்பவருக்கு இது கிடைக்காது. ‘முடிஞ்சாதான் படிப்பேன்’ என்று எல்லோரும் இருந்துவிட்டால் பல தொடர்கள் முடியவே முடியாது என்பதையும் யோசிக்க வேண்டும்.

எச்சரிக்கை எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும்?

தாராளமாக. வன்முறை, பாலியல் வன்கொடுமை, தற்கொலை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், குடும்பத்தார் அடித்து விரட்டுவது, தன்பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் கட்டாய ‘சிகிச்சை’. கடைசி இரண்டையும் பலர் எச்சரிக்கையாகவே நினைப்பதில்லை. ஆனால் அதைத் தன் வாழ்க்கையில் பார்த்த வாசகர்கள் இந்தக் கதைகளைத் தேடி வருகிறார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் அந்த அத்தியாயத்தில் போய் விழுந்தால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எந்த அத்தியாயம் என்று எண்ணையும் சேர்த்துச் சொன்னால் அதை மட்டும் தாண்டிப் போவார்கள்.

ஏஓ3-ல் ‘எழுத்தாளர் எச்சரிக்கை குறிப்பிட விரும்பவில்லை’ என்று ஒரு வகை இருக்கிறது. எச்சரிக்க எதுவும் இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது; எதுவும் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தளங்களில் இந்த ஏற்பாடே இல்லை, அங்கே உங்கள் பரிந்துரைதான் ஒரே எச்சரிக்கை.

காமக் காட்சிகள் உள்ள தொடர்களைப் பற்றி எப்படிப் பேசுவது?

வெட்கப்படாமல், மிகைப்படுத்தாமல். இல்லவே இல்லை, ஒன்றிரண்டு, கதையோடு பின்னியவை, கதையே அதுதான் என்று நான்கு விதமாகச் சொன்னால் எல்லோருக்கும் புரியும். நல்ல தொடரில் படுக்கையறைக் காட்சியும் குணச்சித்திரம்தான். யார் விளக்கை அணைக்கச் சொல்கிறார், யார் முதலில் பேசுகிறார் என்பதில் முந்தைய பத்து அத்தியாயமும் வந்து நிற்கும். அப்படிப்பட்ட காட்சியைப் பாராட்டுவதில் தவறே இல்லை.

கேட்பவர் பதினெட்டு வயது ஆகாதவர் என்று தெரிந்தால் வயது வந்தோருக்கான தொடர்களைச் சொல்லாதீர்கள். பதின்வயதினருக்கென்றே எழுதப்பட்ட, முதல் காதலும் பள்ளிக்கூட நட்பும் சொல்லும் தொடர்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைச் சொல்லுங்கள்.

சிறார்களைக் காமத்தோடு சித்தரிக்கும் கதைகள்?

பரிந்துரைக்கக் கூடாது. எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. திறந்த களஞ்சியங்களில் இப்படிப்பட்டவை கலந்து கிடப்பதால், வயது தெளிவாகத் தெரியாத தொடர் என்றால் விட்டுவிடுங்கள்.

எனக்கு ஏற்ற தொடரைக் கேட்பது எப்படி?

‘நல்ல கதை சொல்லுங்க’ என்றால் எல்லோரும் தனக்குப் பிடித்ததைச் சொல்வார்கள், உங்களுக்குப் பிடித்தது கிடைக்காது. கடைசியாக எதைப் படித்து ரசித்தீர்கள், அதில் எது பிடித்தது என்று சொல்லுங்கள். கதைக்களமா, ஒரு பாத்திரமா, பேச்சா, மெல்ல நகரும் விதமா? அப்புறம் வேண்டாதது எது என்றும் சொல்லுங்கள். ‘நாற்பது தாண்டிய ஆண்கள், துரோகம் வேண்டாம், முடிந்த தொடர்’ என்று மூன்று விஷயம் சொன்னாலே தேடித் தருகிறவருக்குக் கை கொடுத்த மாதிரி இருக்கும்.

ஒரு தொடரின் பெயர் மறந்துபோய்த் தேடுகிறவர்களும் நிறைய. அவர்கள் கதைச்சுருக்கத்தை விட்டுவிட்டு, மனதில் நிற்கும் ஒரு காட்சியைச் சொன்னால் பலன் அதிகம். கதைச்சுருக்கம் நூறு தொடருக்குப் பொருந்தும். பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கத்தில் நின்று அண்ணனிடம் உண்மையைச் சொல்கிறான், அண்ணன் பதில் பேசாமல் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான் என்ற காட்சி ஒரே தொடரில்தான் இருக்கும். படித்தவர் அதை மறந்திருக்க மாட்டார்.

பெண்கள் எழுதியதா ஆண்கள் எழுதியதா என்று பார்க்க வேண்டுமா?

புனைபெயருக்குப் பின்னால் யார் என்று பல நேரம் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. கதையில் வரும் ஆண்கள் உயிருள்ள மனிதர்களாக இருக்கிறார்களா என்று பாருங்கள். வாழ்ந்த அனுபவத்திலிருந்து எழுதியதுதான் வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அதுவும் நியாயமே. எழுத்தாளர் தாமாகவே தம்மைப் பற்றிச் சொல்லியிருந்தால் அதைச் சொல்லுங்கள், ஊகித்துச் சொல்லாதீர்கள்.

பரிந்துரைத்த லிங்க் திறக்கவில்லை. தொடர் எங்கே போனது?

தளங்கள் சாகும், விதிகள் மாறும். 2002-ல் ஃபேன்ஃபிக்ஷன் டாட் நெட் வயது வந்தோருக்கான கதைகளை விலக்கியது. 2007-ல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளம் ஒரே வீச்சில் நூற்றுக்கணக்கான கணக்குகளை முடக்கியது. ஏஓ3-ஐ நடத்தும் அமைப்பு உருவானதும் அதே ஆண்டுதான். 2009-ல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது எத்தனையோ பேருடைய சொந்தக் கதைப் பக்கங்கள் போயின. 2018 டிசம்பரில் டம்ளர் (Tumblr) என்ற வலைப்பதிவுத் தளம் வயது வந்தோருக்கான படைப்புகளைத் தடை செய்தது. 2019 டிசம்பரில் யாஹூ குரூப்ஸ் தன்னிடம் இருந்த பழைய பதிவுகளை அழிக்கத் தொடங்கியது. மின்னஞ்சலிலேயே அத்தியாயம் அனுப்பிக்கொண்டிருந்த பல குழுக்களின் கதைகள் அங்கேதான் இருந்தன.

லிங்க் செத்துவிட்டால் முதலில், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் எழுத்தாளரின் புனைபெயரை மற்ற தளங்களில் தேடுங்கள். பலர் அதே பெயரோடு இடம் மாறியிருப்பார்கள். மூடப்போகும் பழைய களஞ்சியங்களைக் காப்பாற்றிக் கொண்டுவரும் ‘ஓப்பன் டோர்ஸ்’ என்ற வேலையும் ஏஓ3 அமைப்பில் நடக்கிறது. ஒரு தளத்தோடு போய்விட்டது என்று நினைத்த ரசிகர் புனைவுத் தொடர் அங்கே இருக்கக்கூடும்.

அதனால்தான் பரிந்துரையில் லிங்க் மட்டும் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலைப்பு, புனைபெயர், தளத்தின் பெயர் மூன்றையும் எழுத்தில் போடுங்கள். லிங்க் போனாலும் அதை வைத்துத் தேட முடியும்.

நான் சேமித்து வைத்திருக்கும் பிரதியை மற்றவர்களுக்குத் தரலாமா?

உங்களுக்கென்று இறக்கி வைத்துக்கொள்வது வேறு. ஏஓ3 அதற்கு இபப், பிடிஎஃப் வசதியே தருகிறது. ஊருக்கெல்லாம் அனுப்புவது வேறு. தளம் செத்ததால் தொலைந்ததா, எழுத்தாளரே எடுத்துவிட்டாரா என்று முதலில் பாருங்கள். அவரே எடுத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். வேலை, குடும்பம், யாரோ கண்டுபிடித்துவிட்டது என்று எதுவாகவும் இருக்கலாம். கதை நம்மிடம் இருக்கிறது என்பதற்காக அவர் மூடிய கதவை நாம் திறக்கக் கூடாது. ஏஓ3-ல் கதையை விட்டுவைத்துத் தன் பெயரை மட்டும் விலக்கிக்கொள்ளவும் எழுத்தாளருக்கு வழி உண்டு. பழைய பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் பரிந்துரையில் அதைப் போடாதீர்கள்.

எழுத்தாளர் யாரென்று கண்டுபிடித்துவிட்டேன். சொல்லலாமா?

கூடாது. 2018-ல் சீனாவில் ஆண்-ஆண் காமக் கதை எழுதி விற்ற ஓர் எழுத்தாளருக்குப் பத்தரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சட்டம் ஒன்றும் செய்யாத இடத்திலும் வேலை போகலாம், வீடு போகலாம். புனைபெயரோடு நிறுத்துங்கள்.

இந்தக் கதைகளைப் படிப்பது என் கூட இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. என்ன செய்வது?

இதைக் கேட்பவர்கள் அதிகம், கேட்கக் கூச்சப்பட வேண்டியதே இல்லை. மாட்டிவிடுவது பெரும்பாலும் கதைப் பக்கம் இல்லை, அதைச் சுற்றியிருப்பவை. புது அத்தியாயம் வந்தால் வரும் மின்னஞ்சலின் தலைப்பிலேயே கதையின் பெயர் இருக்கும். பூட்டிய திரையிலும் தெரியும். அதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொண்டு, அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். இறக்கிய கோப்பின் பெயரும் கதையின் தலைப்பாகவே இருக்கும், மாற்றி வையுங்கள். ஏஓ3-ல் புக்மார்க்கை மற்றவருக்குத் தெரியாதபடி வைக்கலாம். பிரவுசரின் ரகசியச் சாளரம் அந்தக் கருவியில் பார்த்த பக்கங்களின் தடயம் விடாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் அலுவலக இணைப்பை மேற்பார்க்கிறவருக்கு எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியக்கூடும். வேலையிடத்து இணைப்பிலும் கருவியிலும் படிக்க வேண்டாம்.

பரிந்துரைப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒருவரை எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ‘இது உனக்குப் பிடிக்கும்’ என்று போடாதீர்கள். அவர் தன்னைப் பற்றி யாரிடம் சொல்லியிருக்கிறார், யாரிடம் சொல்லவில்லை என்பது நமக்குத் தெரியாது.

தொடராக வந்து புத்தகமான கதைக்குப் பழைய லிங்க் தரலாமா?

எழுத்தாளர் இணையப் பிரதியை வைத்திருந்தால் தரலாம். எடுத்துவிட்டிருந்தால் புத்தகத்தைச் சொல்லுங்கள். சி. எஸ். பகாட்டின் ‘கேப்டிவ் பிரின்ஸ்’ 2008-ல் லைவ்ஜர்னலில் தொடராகத் தொடங்கியது. வாசகர் ஆதரவால் 2013-ல் அவரே புத்தகமாக்கினார், 2015-ல் பெங்குவின் வெளியிட்டது. ஆலிஸ் ஓஸ்மனின் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ 2016-ல் இணையச் சித்திரத் தொடராக ஆரம்பித்து 2022-ல் நெட்ஃபிளிக்ஸ் வரைக்கும் போனது.

இன்னொரு விஷயம்: அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் மின்னூலைச் சேர்க்கும் எழுத்தாளர் அந்தக் காலத்துக்கு அதை வேறெங்கும் மின்வடிவில் வைக்கக் கூடாது. நேற்று வரை இருந்த தொடர் திடீரென்று மூன்று அத்தியாயத்தோடு நின்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். அவரைத் திட்டாதீர்கள். வருடக்கணக்கில் இலவசமாகக் கொடுத்தவர் கொஞ்சம் சம்பாதிக்கட்டும்.

நான் சொன்ன தொடர் அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இருக்கும். நமக்கு ஒரு கெட்ட காலத்தில் துணையாக இருந்த கதையை ஒருவர் ‘போர்’ என்று சொன்னால் வலிக்கத்தான் செய்யும். எது ஒட்டவில்லை என்று கேளுங்கள்; அடுத்த முறை இன்னும் சரியாகச் சொல்ல அது உதவும்.

மற்றவர்களுக்குச் சொல்வது சரி. எழுத்தாளருக்கு ஏதாவது எழுதலாமா?

அவசியம் எழுதுங்கள். நிஃப்டியில் அத்தியாயத்தின் தொடக்கத்திலோ கடைசியிலோ பலர் மின்னஞ்சல் முகவரி கொடுத்திருப்பார்கள். பழைய முகவரிகள் சில வேலை செய்யாது, திரும்பி வந்துவிடும், பரவாயில்லை. மற்ற தளங்களில் அத்தியாயத்துக்குக் கீழேயே எழுத இடம் உண்டு. ‘அடுத்தது எப்போ?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அது கடன்காரர் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும். ஒரு வரியை எடுத்துக்காட்டி, ஏன் அந்த வரியில் நின்றீர்கள் என்று சொல்லுங்கள். ‘ஏழாவது அத்தியாயத்தில் அவன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறானே, அங்கேயே இவன் திரும்பி வருவான்னு தெரிஞ்சுபோச்சு’ என்று எழுதினால், தான் யோசித்து வைத்த சாவியை ஒருவர் பார்த்துவிட்டார் என்று அவருக்குத் தெரியும்.

முடிந்து பத்து வருடம் ஆன தொடராக இருந்தாலும் எழுதலாம். இன்னொருவருக்குப் பரிந்துரைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.